வயிற்றில் ஒரு ஊதாக் கோடு

உங்கள் குழந்தைகள் ஈரல் மாற்றுப் பிரிவைப் பொறுமையாகச் சுற்றிக் காட்டினீர்கள். தாயின் ஈரலில் ஒரு துண்டை எடுத்துக் குழந்தைக்கு வைத்துத் தைக்கிறீர்கள். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய், கல்லூரி போய், கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கும்வரை விடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். வயிற்றைத் தொடாமலே உள்ளே இருப்பது திரையில் தெரிகிறது. இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்பதை எண்ணாகவே எழுதிவிடுகிறீர்கள். புதிதாகச் சேர்ந்த டாக்டர் தம்பி ஒருவர் என்னிடம், "உங்க காலத்துல ஈரலை எப்படி மேடம் ஃபாலோ பண்ணீங்க?" என்று கேட்டார். பென்சிலால் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த அறையைக் காட்டப் போய்விட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்தப் பென்சில் விவகாரத்தை இந்தக் கடிதத்தில் முழுசாகச் சொல்கிறேன். இதில் மேதை என்று யாரும் கிடையாது. நான் உட்படப் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து முட்டாள்தனம் செய்தோம். அதில் ஒரு குழந்தை போயே போயிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரி. படுக்கை ஆறு, டாக்டர் இரண்டு. ஒருவர் பெரியவர், ஆஸ்பத்திரியே அவருடையது. இன்னொருத்தி நான், படிப்பு முடித்த ஈரம் காயாதவள். பெரியவர் கெட்டிக்கார டாக்டர், இரக்கமும் உண்டு. ஆனால் கோபம் மூக்கின் நுனியிலேயே இருக்கும். நோயாளியின் அம்மா வாயைத் திறப்பதற்குள் அவருடைய கோபம் பதில் சொல்லிவிடும்.

அப்போது சின்னக் குழந்தைகளுக்கு ஈரல் வீங்கி, கல்லாகி, கடைசியில் உயிரையே கொண்டுபோகும் நோய் நிறைய வரும். ஊரில் ஈரல் கட்டி என்பார்கள். எங்கள் கையில் பத்தியமும் வைட்டமினும் தவிர ஒன்றும் இல்லை. செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். விலா எலும்புக்குக் கீழே ஈரல் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுவோம். கூடினால் வருத்தப்படுவோம், குறைந்தால் சந்தோஷப்படுவோம்.

இதில் ஒரு சிக்கல். பெரியவரின் விரல்கள் பருமன். என் விரல்கள் அந்தக் காலத்தில் முருங்கைக்காய். அவருடைய மூன்று விரல் எனக்கு நாலரை. நான் பார்த்த நாளில் குழந்தைக்கு ஈரல் நாலரை, அவர் பார்த்த நாளில் மூன்று. ஒரு தகப்பனார் மூன்று என்று கேட்டதும் பெரியவரின் காலில் விழுந்து கும்பிட்டார். அடுத்த வாரம் நான் பார்த்தேன், பழையபடி நாலரை. அதற்குப் பிறகு அந்த வீட்டார் பெரியவர் இருக்கும் நாளை விசாரித்துத்தான் வருவார்கள். என் கையில் ராசி இல்லை என்று திருமுல்லைவாயில்வரை பேச்சாகிவிட்டது.

இதைத் தீர்க்கப் பெரியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சரக்கு மூட்டையில் விலாசம் எழுத ஒரு பென்சில் இருக்கும், நனைத்து எழுதினால் ஊதாவாகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் போகாது. அதைக்கொண்டு குழந்தையின் வயிற்றில் ஈரலின் ஓரத்தை ஒரு சாய்ந்த கோடாக வரைந்துவிடுவார். பதினைந்து நாள் கழித்து வரும்போது ஈரல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, கோட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். விரல் சண்டை தீர்ந்தது. எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது.

ஒரே நிபந்தனை, கோடு அழியக் கூடாது. அழிந்து வந்தால் பார்க்க மாட்டேன் என்றார். நிஜமாகவே பார்க்கவில்லை. குத்தம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண்ணை, வியர்வையில் கோடு கரைந்துவிட்டது என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். "இன்னா சார், லேசா கீதே சார், உத்துப் பாருங்க சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அந்தச் செய்தி பரவ ஒரு வாரம் ஆகவில்லை. அதன்பிறகு நடந்ததை இன்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதலில் தாய்மார்கள் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினார்கள். ஈரலுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் சொறி சிரங்கோடு வந்தன. பிறகு அவர்களுக்கு வேறு யோசனை தோன்றியது. பூந்தமல்லி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் அந்தப் பென்சிலுக்கு ஈரல் பென்சில் என்று பேராகிவிட்டது. கடைக்காரரே கோடு எங்கே வரும் என்று தோராயமாகச் சொல்லிக்கொடுப்பாராம். ஒரு குழந்தை இடது பக்கத்தில் கோட்டோடு வந்தது. பெரியவர் காரணம் புரியாமல் ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் இருக்கும் மண்ணீரலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காதில் சீழ் வடியும் பையனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் வந்தார். அவன் வயிற்றிலும் நீளமாக ஒரு ஊதாக் கோடு. எதற்கு என்று கேட்டேன்.

"கோடு இல்லாங்காட்டி உள்ளே உடமாட்டாங்கன்னு சொன்னாங்கோ டாக்டரம்மா. அதான் நானே போட்டாந்தேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியவரிடமும் சொன்னேன், அவரும் சிரித்தார். காதுக்கு வந்தவரே கோடு போட்டுக்கொள்கிறார் என்றால் ஈரலுக்கு வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது கோமளாவுக்கு வருகிறேன். ஆவடி சேக்காட்டிலிருந்து வந்த பெண் குழந்தை, மூன்று வயது நிரம்பவில்லை. கண்ணில் மஞ்சள், வலப்பக்கம் வயிறு மேடு. அப்பா தனபால், அம்பத்தூரில் சைக்கிள் உதிரி செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். தயாராகி வரும் ஒவ்வொரு பீஸையும் அளந்து, தேறுமா தேறாதா என்று முடிவு செய்வது அவர் வேலை. அவர் அப்பா வரை வயலில் கூலி வேலை செய்த குடும்பம். கம்பெனிக்குள் போன முதல் ஆள் இவர்தான். அம்மா வசந்தா அதிகம் பேசாதவள், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவாள்.

பெரியவர் ஈரல் கட்டி என்று முடிவு செய்து கோடு போட்டார். எல்லாத் தாய் தகப்பனிடமும் சொல்வதை இவர்களிடமும் சொன்னார். "இந்தக் கோட்டைத் தாண்டி வளர்ந்துடுச்சுன்னா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கேட்டதை வாங்கிக் குடுத்து நல்லா வச்சுக்கங்க." உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். வசந்தா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஈரல் கோட்டிலேயே நின்றது. நூல் பிசகவில்லை. நாலு மாதம் இப்படியே. பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கொடுத்த மோர்ப் பத்தியம்தான் நோயைக் கட்டிப்போட்டது என்று நம்பினார். நானும் நம்பினேன். இந்த நாலு மாதத்தில் வசந்தா மூன்று முறை என்னிடம் தனியாக வந்து, "வெளிக்குப் போறது சுண்ணாம்பு மாரி வெள்ளையாப் போவுது டாக்டரம்மா. ராவெல்லாம் சொறிஞ்சுகினே கீது" என்றாள். மூன்று முறையும் நான் சொன்ன பதில் இதுதான். "கோடு நகரலையேம்மா, அப்புறம் என்ன கவலை?"

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்மேல் கோபம் வர வேண்டும். வராவிட்டால் உங்கள்மேல் எனக்குக் கவலை வரும். மலம் வெளுத்து உடம்பு அரித்தால் பித்தம் இறங்கவில்லை என்று முதல் வருஷ மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கோடு நகரவில்லை. எங்கள் விரல் கோடு இருக்கும் இடத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்துவிடும். வயிற்றைப் பார்ப்பதையே நாங்கள் விட்டிருந்தோம்.

பெரியவர் சும்மா இருப்பாரா. தன் கோட்டு முறையையும் மோர்ப் பத்தியத்தையும் காட்ட நகரத்திலிருந்து நாலு பெரிய டாக்டர்களை அழைத்துவிட்டார். நாலு பேரும் ஒரே கறுப்புக் காரில் வருவதாக ஏற்பாடு. வடை பாயசத்தோடு சாப்பாடு சொல்லியாயிற்று. காட்டப்போகும் குழந்தை கோமளாதான்.

அன்று காலை பத்து மணிக்கு நான் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே வசந்தா முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்திருந்தாள். அதற்குப் பின்னால் தனபால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதட்டைக் குவித்துக் கம்பெனிச் சங்கு மாதிரி ஊதிக்கொண்டிருந்தார். குழந்தை கலகலவென்று சிரித்தது. சிரித்ததில் வயிறு இளகியது. இளகிய நேரத்தில் அவர் மூன்று விரலைப் பதித்து, கண்ணை மூடி, மெதுவாக நகர்த்தி ஓரத்தைக் கண்டுபிடித்தார். பிறகு ஊதாப் பென்சிலை எடுத்தார். எனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர்கள் யாரும் ஒரு குழந்தையின் வயிற்றை அவ்வளவு அழகாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் தனபால் பென்சிலை உள்ளங்கையில் மறைத்தார்.

"எத்தனை நாளா இது?" என்றேன்.

"மொத வாரத்துலேந்தே டாக்டரம்மா. மூணாம் நாளே அழிஞ்சி பூட்ச்சி. நான்தான் போட்டுகினு வரேன்."

"பழைய இடத்துலயே போட்டிருக்கலாமே."

"பழைய எடத்துல போட்டா வளந்துகீதுன்னு தெரிஞ்சிடுமே. தெரிஞ்சா ஊட்டுக்குக் கூட்டிக்கினு போன்னு சொல்லிடுவாரு. இது தாங்காதும்மா" என்று வசந்தாவைக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நானுந்தான்" என்றார்.

பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கம்பியில் கோத்த அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்தார். மொத்தம் எட்டு. கம்பெனியில் அளவு சரிபார்க்க அட்டையில் வெட்டி வைப்பார்களாம், அந்தப் பழக்கம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழந்தையின் விலா எலும்பிலிருந்து தன் விரலுக்குத் தட்டுப்பட்ட ஓரம்வரை அப்படியே அட்டையில் வெட்டித் தேதி போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு அட்டையும் முந்தியதைவிடப் பெரியது. கடைசி மூன்றின் மூலையில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன குறி?"

"தேறாத பீஸுக்குப் போடறது." அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வயிற்றில் பொய் எழுதிய அதே கை அட்டையில் உண்மையை வெட்டி வைத்திருந்தது. நான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். வளர்ந்ததைவிட இன்னொன்று என் கண்ணில் பட்டது. ஈரலின் ஓரம் சாய்ந்து போகும். இந்த அட்டைகளில் அது சாயவில்லை, அரை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டிருந்தது. "வயித்துல ஏன் சாய்வா கோடு போடறீங்க, அட்டையில ஏன் உருண்டையா இருக்கு?" என்று கேட்டேன்.

"டாக்டர் போட்ட மாரிதானே வயித்துல போடணும். அட்டைல உள்ளே கைக்குப் படறத வெட்டினேன்."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

நான் உடனே ஓடிப் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அட்டைகளைக் கேஸ் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். பெரியவர் புது டை கட்டிக்கொண்டு கோமளாவை மேஜையில் படுக்கவைத்து, கோட்டைக் குச்சியால் தொட்டுக் காட்டிப் பேசினார். நாலு மாதம், ஒரு நூல்கூட நகரவில்லை, மோர்ப் பத்தியம் என்றார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். நாலு பெரிய மனிதர்கள் முன்னால் அவர் மானம் போய்விடும் என்றும் பயந்தேன். பத்து நிமிடம் அப்படிப் போனது. உங்கள் அறுவை அறையில் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசியில் கோமளா மேஜையில் படுத்தபடியே கையைச் சொறிய ஆரம்பித்தாள். இரத்தம் வரச் சொறிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"சார், இந்தக் கோடு நாம போட்டது இல்லை" என்றேன்.

நான் அட்டைகளை வரிசையாக மேஜையில் பரப்பினேன். வந்தவர்களில் மூத்தவர், ஒல்லியான மனிதர், தனபாலைக் கூப்பிட்டு, "நீ எப்படிப் பார்ப்பே, காட்டு" என்றார். தனபால் நாலு பெரிய டாக்டர்களுக்கும் பெரியவருக்கும் நடுவில் நின்று உதட்டைக் குவித்துக் கம்பெனிச் சங்கை ஊதினார். குழந்தை சிரித்தது. அவர் கடைசி அட்டையை வயிற்றில் வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது. மூத்தவர் அதே இடத்தில் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"இது ஈரலோட ஓரமே இல்லையே. உருண்டையா தனியா ஒண்ணு இருக்கு." வசந்தா பக்கம் திரும்பினார். "வெளிக்கு எந்த நிறத்துல போகுதும்மா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. எனக்கு அங்கே நிற்கவே கூசியது. "வெள்ளையாத்தான் சார். டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கினேதான் கீறேன்" என்றாள்.

ஈரல் கட்டி இல்லை. பித்தம் இறங்குகிற குழாய் பை மாதிரி ஊதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அறுவை செய்து குடலோடு இணைத்தால் பிழைக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஈரலே கெட்டு, பிறகு அறுத்தும் பயன் இருந்திருக்காது. மாற்று ஈரல் என்பதெல்லாம் எங்கள் பக்கம் அப்போது கற்பனையிலும் இல்லை.

பெரியவர் தனபாலிடம், "ஏன்யா என்கிட்ட சொல்லலே?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"கோடு அழிஞ்சவங்கள நீங்க உள்ளே உடறதில்லயே சார்."

அதற்குப் பிறகு பெரியவர் செய்ததை நான் இன்றும் மதிக்கிறேன். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. டையைக் கழற்றி மேஜையில் போட்டார், குழந்தையைத் தூக்கினார், வந்தவர்களின் காரில் ஏறி உட்கார்ந்தார். மூத்தவர், தனபால், வசந்தா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டார். மீதி மூன்று டாக்டர்களும் அம்பத்தூரில் அனாதையாக நின்றார்கள். பாயசம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்கள். எங்கள் கம்பவுண்டர் அவர்களை ஏற்றிவிடப் போய், அவசரத்தில் நகரத்துக்கு எதிர்ப்பக்கம் போகும் திருவள்ளூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார் என்று மறுநாள் தெரிந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடமும் ஒரு தாய் வருவாள். மாத்திரை பத்து நாள் தவறியிருக்கும். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து வேளை தவறாமல் கொடுத்து அழைத்து வருவாள். எண் சரியாக வரும், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அவள் பொய்க்காரி இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்தவள். பதினைந்து வயதுப் பையன் மாத்திரையைத் துப்பிவிட்டு விழுங்கினேன் என்பான், அவனும் அப்படித்தான். அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோமளா பிழைத்தாள். அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குழந்தையின் கண்ணில் மஞ்சள் போய்விட்டிருந்தது. தனபால் கையில் ஒரு பிஸ்கட் டப்பா. கூடம் நிறையக் கூட்டம். நல்ல சேதிக்கு இனிப்பு கொண்டுவந்திருக்கிறார் என்று எண்ணி கம்பவுண்டர் பல்லெல்லாம் தெரிய டப்பாவை வாங்கித் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார்.

"காலைல போனது சார்" என்றார் தனபால். "அய்யா ஒரு தபா கண்ணால பாத்துட்டா எனக்கு நிம்மதி."

பெரியவர் டப்பாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நல்ல மஞ்சள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. என்னவோ ஏதோ என்று நாலைந்து தாய்மார்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்திகூட மூக்கைப் பொத்தவில்லை.

பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வசந்தாவின் எதிரில் நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் யாருக்காகவும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கையைக் கூப்பி, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

வசந்தா பதறிப்போய் இரண்டடி பின்னால் போனாள். குழந்தையை இடுப்பில் இழுத்து இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இனிமே கோடு அழியாம பாத்துக்கறேன்."